வாயால சொல்லாதீங்கோ

அன்று காலை டீ குடிக்க இருந்தவர்கள் இவர்கள்.

பிளம்பிங் எடுத்திருந்த செல்வராஜ், களியக்காவிளைக்காரன். எலக்ட்ரிக்கல் எடுத்திருந்த ஷாஜி. பெயிண்டிங் தாசையன். கூரைக்குக் கீழே ஜிப்சம் பலகை அடிக்கிற சுகுமாரன். வித்துராவில் இருந்து வருவதால் அவரை வித்துராக்காரர் என்றே சொல்வோம். கம்பெனி இன்ஜினியர், நின்றுகொண்டே குடிப்பார். டைல்ஸ் எடுத்திருந்த நான். டீ கொண்டு வந்த அம்மிணி.

மழை பெய்தது. டீச்சர் கடைசியாக வந்தார்.

பள்ளிக்கூட டீச்சர் இல்லை. கம்பெனி ஆபீசில் இருந்து வந்தவர். அந்தப் பெயர் தாசையன் கேலிக்கு வைத்தது. பிறகு கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே வேண்டாம்.

ஸ்ரீவராகத்தில் இருந்து பழைய ஸ்கூட்டரில் வருவார். சேலை, அதற்கு மேல் ஆம்பிளைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ. வலது கை நடுவிரலில் ஒரு காய்ப்பு உண்டு. பிளான் வரைகிற வேலையில் இருந்தவர். பென்சில் காலத்துக் காய்ப்பு. வரைகிற வேலை எல்லாம் கொச்சிக்குப் போனதும் ஆபீசில் அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். இவரை மட்டும் கரமனைப் பக்கம் நாங்கள் வேலை செய்த ஆறு மாடிக் கட்டடத்துக்கு அனுப்பினார்கள்.

அனுப்பியது எங்களை ஒரு ஆப்பில் சேர்க்க.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டடத்தைக் கம்பெனி கட்டும். குழாய், கரண்டு, பெயிண்ட், டைல்ஸ் எல்லாம் எங்களைப் போல ஆளுக்கொன்றாக எடுத்துச் செய்வோம். பிளான் முடிந்த பிறகும் ஃபிளாட் வாங்கினவர்களுக்கு மனசு மாறும். சமையலறை வாசல் நகரும். பாத்ரூம் டைல்ஸ் நிறம் மாறும். ஒருவன் மாற்றினால் மற்ற நாலு பேருக்கும் இடிக்கும். அதையெல்லாம் நாங்கள் வாயால்தான் சொல்லிக்கொள்வோம். மூணாவது மாடியில் இருந்து கத்தினால் ஒண்ணாவது மாடியில் கேட்கும். பிற்பாடு நான் அப்படிச் சொல்லவில்லை, நீ அப்படிக் கேட்கவில்லை என்று சண்டை வரும். அதுவும் வாயால்தான்.

தகர ஷெட்டில் முதல் நாள் எங்களை உட்கார வைத்தார். இனி எந்த மாற்றம் என்றாலும் போட்டோ எடுத்து இந்த ஆப்பில் போட வேண்டும் என்றார். போட்டால் எல்லாருக்கும் போகும். பார்க்கிறவர் ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு நம்பர் கூடும். நாங்கள் ஐந்து பேர், இன்ஜினியர், டீச்சர். ஏழு வந்தால் எல்லாரும் பார்த்தாச்சு.

தாசையன் கை தூக்கினான். “டீச்சரே, ஹோம்வொர்க் உண்டா?”

“உண்டு” என்றார். “நாளைக்கு ஆளுக்கு ஒரு படம் போடணும்.”

மறுநாள் ஷாஜி தன் முகத்தையே எடுத்துப் போட்டிருந்தான். செல்வராஜ் மதியச் சோற்றை. என் படத்தில் என் கட்டை விரல். டீச்சர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். செல்வராஜிடம், மீன் நன்னாத்தான் இருக்கும் போல, எனக்குத் தெரியாது, ஆனால் எந்த மாடியில் இருக்கிற மீன் என்று படத்தில் தெரியவில்லையே என்றார். பிறகு எல்லாருக்கும் சொன்னார்.

“ஒரு அடி பின்னால போய் எடுங்கோ. சுவரும் வரணும், மூலையும் வரணும். பாக்கறவாளுக்கு எந்த இடம்னு புரியணுமோல்லியோ.”

அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. தானும் அப்படித்தான் எடுப்பார். போனைத் தூக்கிப் பிடிப்பார், ஒரு அடி பின்னால் போவார், போதாமல் இன்னொரு அடி போவார்.

யாராவது வந்து வாயால் ஒன்றைச் சொன்னால் காதைத் தொட்டுக் காட்டுவார்.

“எனக்குச் செவி கேக்காதாக்கும். வாயால சொல்லாதீங்கோ. இதுல போடுங்கோ.”

முதலில் சிரித்தோம். செல்வராஜ் ஒரு நாள் வேண்டும் என்றே கிட்டே போய்க் கத்தினான். இரண்டாவது மாடிக் குழாயை இடது பக்கம் தள்ளியாச்சு டீச்சரே, செவிட்டு மெஷின் வாங்கித் தரட்டுமா என்று. அவர் கோபப்படவில்லை. அவன் பக்கத்தில் சாந்துச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவன்தான் போனை எடுத்தான். போட்டு முடித்ததும் தன் போனில் பார்த்துவிட்டு, “ஓ, குழாயைத் தள்ளிட்டேளா?” என்றார், அப்போதுதான் தெரிந்த மாதிரி.

ஃபிளாட் வாங்கின ஒருவர் வந்து அந்தச் சுவரை எடுங்கள் என்று கை நீட்டிச் சொன்னபோதும் அவர் காதைத்தான் தொட்டார். அந்த ஆள் முகம் போன போக்கை ஷாஜி நடித்துக் காட்டுவான்.

நான் போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் கிடையாது. ஆப்பில் தமிழும் கிடையாது. டீச்சரிடம் முடியாது என்று சொன்னேன். ஏன் முடியாது என்று கேட்கவில்லை. நிறம் தெரியுமா அண்ணாச்சி என்று கேட்டார். பச்சை என்றால் போட்டாச்சு. மஞ்சள் என்றால் ஆபீஸ் பார்க்கிறது. சிவப்பு என்றால் வேலையைத் தொடாதே. அவ்வளவுதான்.

ஆனால் என் விரலை போன் ஏற்கவில்லை. சிமெண்டில் கிடந்து கிடந்து விரல் நுனி தேய்ந்து மரத்துப் போயிருந்தது. எத்தனை அமுக்கினாலும் கண்ணாடி அசையாது. எனக்கு வெட்கமாக இருந்தது. டீச்சர் என் கையைத் திருப்பிப் பார்த்தார். தொடவில்லை, பார்த்தார்.

“சுண்டு விரலால அமுக்குங்கோ. அதுக்கு இன்னும் வேலை குடுக்கலை நீங்க.”

அமுக்கினேன். பச்சை வந்தது.

பிறகு எல்லாரும் சுண்டு விரல்தான். பெயிண்ட் கை, பைப்புக்குப் போடுகிற பசைக் கை, எல்லாக் கையிலும் அது ஒன்றுதான் உதவும். சத்யை விருந்தில் ஊறுகாய் தொட்டு நக்குகிற மாதிரி இருக்கிறது என்று ஷாஜி சொன்னான்.

அவருக்கு இது வெறும் ஆபீஸ் உத்தரவு என்றுதான் நினைத்திருந்தோம். அம்மிணிதான் ஒரு நாள் சொன்னது. டீச்சர் அதனிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், அல்லது அது பிடுங்கியிருக்கிறது.

“இந்த பில்டிங் தீருறதுக்குள்ள நீங்க எல்லாரும் இதுல வரணுமாம். ஒரு ஆளு வரலேன்னாலும் அதுக்க ஜோலி போச்சு. வீட்டுல அச்சன் படுத்த படுக்கை. உங்களுக்கு இதெல்லாம் களியாக்கும்.”

அதற்குப் பிறகு விளையாட்டு குறைந்தது. தாசையன்கூட ஒழுங்காகப் போட்டான். ஒரு தடவை மட்டும், டீ வந்தாச்சு என்று கெட்டிலைப் படம் எடுத்துப் போட்டான். டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சிவப்பு போட்டார். டீயை யாரும் தொடக்கூடாது என்றார்.

சைட்டில் சத்தமும் குறைந்தது. மாடிக்கு மாடி கத்துகிற ஆள் இல்லை. ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் ஒரு முனகல் வரும், எடுத்துப் பார்ப்பான், வைத்துவிடுவான். எனக்கு அந்த அமைதி பிடித்திருந்தது.

டீச்சர் சாயங்காலம் கிளம்பும் முன் நம்பரைப் பார்ப்பார். முதலில் எல்லாம் ஒன்று. அது அவரேதான். பிறகு இரண்டு, மூன்று. பிறகு ஆறு வரை வந்து நின்றது. ஏழு வரவில்லை.

வித்துராக்காரர் வரவில்லை.

அவரிடம் பட்டன் போன்தான். “என்ட வாக்கு போதும்” என்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார். டீச்சர் ஒரே ஒரு தடவை கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. செல்வராஜிடம் உட்கார்ந்த மாதிரி இவரிடம் போய் உட்காரவும் இல்லை. ஏன் என்று நான் கேட்டேன். வயசில் மூத்தவர், வாக்கு என்று சொல்கிறார், அதுக்கு மேலே நான் என்ன கேட்பேன் அண்ணாச்சி என்றார். வேலை போய்விடுமே என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அப்புறம்தான் அந்தக் கூரை விஷயம் வந்தது.

இரண்டாவது மாடி ஹாலில் வித்துராக்காரர் பலகை அடித்து முடித்திருந்தார். ஏசிக் குழாய்க்கு இடம் போதவில்லை, அரையடி இறக்கு என்று இன்ஜினியர் போகிற போக்கில் சொன்னார். வித்துராக்காரர் பலகையைப் பிரித்தார். திரும்ப அடித்தார். அந்தக் கூடுதல் கூலியைக் கணக்கில் சேர்க்கச் சொன்னபோது இன்ஜினியர் நான் சொல்லவே இல்லையே என்றார். ஆப்பில் இருக்கிறதா, காட்டு என்றார். ஷெட்டில் நாங்கள் எல்லாரும் இருந்தோம். வித்துராக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து மடித்தார். திரும்ப அவிழ்த்தார்.

டீச்சர் ஒரு மூலையில் இருந்தார். ஆப் எதற்கென்று இப்போது தெரிகிறதா என்று வித்துராக்காரரிடம் அவர் கேட்டிருக்கலாம். கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

“நீங்க சொன்னேள் சார்” என்றார். “நான் தூண் பக்கத்துல நின்னுண்டிருந்தேன். அரையடி இறக்குன்னு சொன்னேள்.”

இன்ஜினியர் சிரித்தார். “டீச்சருக்குத்தான் செவி கேக்காதே.”

“அன்னிக்குக் கேட்டுது.”

யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியரும் சிரிப்பை நிறுத்தினார்.

மறுநாள் டீச்சரை ஆபீசில் கூப்பிட்டார்கள். போய்விட்டு மதியம் வந்தார். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதன் மேலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஆபீஸ் கொண்டு வரச் சொன்ன ஆப்பை மதிக்காமல், வாயால் சொன்னதற்கு நீயே சாட்சி சொல்வாயா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மிணி சொல்லித்தான் இதுவும் தெரியும். வித்துராக்காரரின் கணக்கு மட்டும் ஏறியது.

நானும் வித்துராக்காரரும் ஒரே பஸ். அந்த வாரம் ஒரு நாள் காலை, பஸ் நெடுமங்காடு தாண்டினதும், மடியில் இருந்து ஒரு புது போனை எடுத்தார். டப்பாவோடு இருந்தது. தனக்குச் சொல்லித் தர வேண்டும் என்றார். டீச்சருக்குத் தெரியக்கூடாது என்றும் சொன்னார். ஏழு என்று அதில் வரும்போது டீச்சரே பார்க்கட்டும் என்றார்.

பஸ்ஸில் வைத்து அவருக்குச் சுண்டு விரல் சொல்லிக்கொடுத்தேன். நான் ஒருத்தருக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தது அதுதான் முதல்.

அந்த மழை நாள் வந்தது.

நாலாவது மாடியில் ஒரு ஃபிளாட்டுக்குக் குழாய் இறங்குகிற இடம் மாறியிருந்தது. பாத்ரூம் வாசலுக்கு நேர் எதிரே தளத்தை வெட்ட வேண்டும். செல்வராஜ் விடியக்காலையிலேயே வந்து வெட்டிவிட்டான். கீழ் மாடிகளிலும் நேர்க்கோட்டில் முன்பே வெட்டியிருந்தது. ஆள் இறங்குகிற அளவு ஓட்டை. தூசி விழாமல் இருக்க மேலே வித்துராக்காரரின் ஜிப்சம் பலகைத் துண்டு ஒன்றைப் போட்டு மூடினான். டீ குடித்துவிட்டு மரப்பலகை போடலாம் என்று இருந்தான். மூடும் முன் எடுத்த ஓட்டைப் படத்தை ஆப்பில் போட்டுவிட்டுக் கீழே வந்தான். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஜிப்சம் தண்ணீர் பட்டால் நனைந்த பப்படம்.

எல்லாரும் போனை எடுத்துப் பார்த்தோம். நல்ல படம். ஒரு அடி பின்னால் போய் எடுத்தது. சுவரும் மூலையும் தெரிந்தது. செல்வராஜ் ஸ்டுடியோ போடலாம் என்று தாசையன் சொன்னான்.

அப்போது வித்துராக்காரர் மடியில் இருந்து போனை எடுத்தார்.

ஷாஜிக்கு டீ புரை ஏறியது. அவர் யாரையும் பார்க்கவில்லை. சுண்டு விரலை நீட்டி அமுக்கினார். எங்கள் போனில் நம்பர் கூடியது. எல்லாரும் வந்தாச்சு. இனி டீச்சர் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. இன்ஜினியர்கூடச் சிரித்துவிட்டார்.

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

“ஒருத்தரும் வாயத் திறக்கப்பிடாது” என்றான் தாசையன். “இதப்பத்தி மூச்சு விடப்பிடாது. அவங்களே தெறந்து பாக்கட்டும்.”

சரி என்றோம்.

மழைக்கோட்டில் இருந்து தண்ணீர் சொட்ட வந்தார். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இருந்து போனை எடுத்தார். இரண்டு பிளாஸ்டிக் கவரில் சுற்றியிருந்தது. எங்கள் முகங்களைப் பார்த்தார். என்ன இன்னிக்கு எல்லாரும் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கேள் என்று கேட்டார். யாரும் பேசவில்லை. ஷாஜி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆப்பைத் திறக்கப் பார்த்தார். ஈர விரலை போன் ஏற்கவில்லை. சட்டையில் துடைத்தார், சட்டையும் ஈரம். நேரமாச்சு, மேலே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

என் பக்கம் திரும்பினார். நாலாவது மாடி பாத்ரூம் டைல்ஸ் மாற்றினது முடிந்ததா என்று கேட்டார்.

“போட்டிருக்கேன் டீச்சர்” என்றேன். வேலை முடிந்தது என்று சொல்லவில்லை. ஆப்பில் போட்டிருக்கிறேன் என்றுதான் சொன்னேன். அந்தச் சொல் அவருக்குப் பிடிக்கும்.

பிடித்தது. முகம் விரிந்தது.

“நேர்ல ஒரு படம் எடுத்துண்டு வந்துடறேன்” என்றார்.

அம்மிணி டீயை நீட்டியது. ஆறட்டும் என்றார். அம்மிணி கிளாஸை ஒரு மூடியால் மூடி பெஞ்சில் வைத்தது.

படி ஏறினார். ஷூ சத்தம் ஒவ்வொரு மாடியாக மேலே போனது. நாங்கள் மேலே பார்த்துக்கொண்டு இருந்தோம். மேலே போய் விரலைத் துடைப்பார், திறப்பார், நம்பரைப் பார்ப்பார், சிரிப்பார். அந்தச் சிரிப்பு படிக்கட்டு வழியாகக் கீழே வரும். அதற்காகக் காத்திருந்தோம். தாசையன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

ஒரு சத்தம் வந்தது. நனைந்த சிமெண்ட் மூட்டையை இறக்கின மாதிரி. மேலே இருந்து வரவில்லை. பக்கத்தில் இருந்து வந்தது.

முதலில் எழுந்து ஓடினது வித்துராக்காரர்.

நான் அங்கே பார்த்ததை எழுத மாட்டேன். வெள்ளைப் பலகைத் தூள் அவர் மேலெல்லாம் இருந்தது. மெடிக்கல் காலேஜுக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது.

போலீஸ் வந்து ஒவ்வொருவரையும் கேட்டது. செல்வராஜ் தன் போனை எல்லாரிடமும் காட்டினான். போலீஸிடம், ஆபீஸ்காரர்களிடம், ஆம்புலன்ஸ் டிரைவரிடம். “நான் போட்டேன் சாரே. பாருங்க. போட்டிருக்கேன்லா. பச்சை இருக்கு பாருங்க.” காட்டினவரிடமே திரும்பவும் காட்டினான்.

அம்மிணிக்கு போன் கிடையாது. ஆப்பும் கிடையாது. கூட்டம் கலைந்த பிறகு எங்கள் முன்னால் வந்து நின்றது. அழவில்லை.

“அப்போ அங்க ஓட்டை உண்டுன்னு உங்க எல்லாருக்கும் அறியாமா?”

செல்வராஜ் போனைப் பைக்குள் போட்டான்.

“எல்லாரும் இங்க இருந்தியளே. என் கண்ணு முன்னால இருந்தியளே. ஒரு ஆளு வாயால சொன்னா என்ன?”

தாசையன் மழைக்குள் இறங்கிப் போனான். பெஞ்சில் கிளாஸ் மூடினபடி இருந்தது. அதை எடுத்து ஊற்ற அம்மிணியும் போகவில்லை, நாங்களும் போகவில்லை.

அவர் போனைப் போலீஸ் திறந்து பார்த்தபோது நானும் இருந்தேன். கடைசிப் படம் என் பாத்ரூம். வாசலுக்கு வெளியே இருந்து எடுத்தது. நாலு மூலையும் விழுந்திருந்தது. ஒரு டைல் விடாமல் வந்திருந்தது. எந்த இடம் என்று யார் பார்த்தாலும் புரியும். ஆப் திறக்கவே இல்லை.

ஸ்ரீவராகத்து வீட்டுக்கு எல்லாரும் போனோம். உள் அறையில் அவர் அப்பா படுத்திருந்தார். யார் என்று கேட்டார். மகளுடன் வேலை செய்கிறவர்கள் என்று யாரோ சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டே, சொல்பேச்சுக் கேட்கிறவாதானே, சொல்லியிருக்கா என்றார். வித்துராக்காரர் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் புது போனை என் கையில் தந்தார். வேண்டாம் என்றார். நான் வாங்கவில்லை. அவர் இப்போது சைட்டுக்கு வருவதில்லை.

கட்டடம் முடிந்தது. ஆட்கள் குடி வந்துவிட்டார்கள். அந்த ஓட்டையில் குழாய் இறங்கி, சுற்றிலும் சிமெண்ட் அடைத்து, மேலே டைல்ஸ் போட்டாச்சு. போட்டது நான்தான். வேறு ஆளை விடவில்லை.

இப்போது பேட்டையில் வேறு கட்டடம். இங்கேயும் ஆப் உண்டு. போடுகிறேன். போட்டுவிட்டு மாடிப்படியில் நின்று கத்தவும் செய்கிறேன். புது இன்ஜினியர்ப் பையன்கள், அண்ணாச்சி எதுக்குத் தொண்டையைக் கிழிக்கிறார், அதுதான் போனில் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கட்டும்.

பழைய ஆப் என் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. சில நாள் சுண்டு விரலால் திறப்பேன். செல்வராஜ் போட்ட படம் கடைசியில் இருக்கிறது. சுவர், மூலை, ஓட்டை. பச்சை. கீழே பார்த்தவர்கள் நம்பர்.

ஆறு.